சத்தக் கார்

நல்லூத்துப்பாளையத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால், "புள்ளையக் கார்ல ஏத்திப் பாத்தாச்சுங்களா?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான், சிரிக்கட்டும், அவன் அந்தக் காரில் ஏறினவன் இல்லை. ஏறிக் கெட்டவர்களில் முதல் ஆள் துளசிமணி. பள்ளத் தெரு நாச்சிமுத்துவின் தம்பி சென்னியப்பனுக்கு வாக்கப்பட்டு வந்தவள், ஒரே பெண்குழந்தைக்குத் தாய், எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள் என்று பேரெடுத்தவள். அப்படிப்பட்டவள் ஊர் கூடி நிற்கிற இடத்தில் வாயைத் திறந்து பேசினது ஒரே ஒரு தடவை. பேசினது பொய். அந்தப் பொய்யில் போய்த்தான் இந்தக் கதை நிற்கப் போகிறது.

நாச்சிமுத்து அந்தக் காரை வாங்கினது ஈரோட்டில் ஒரு கார் கன்சல்டிங்கில். வெள்ளை வண்டி, உள்ளே பழைய ஊதுபத்தி வாசம், டிரைவர் சீட்டைத் தவிர வேறெதுவும் தேயாத வண்டி. முதல் சொந்தக்காரர் கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு ரிட்டையர்டு சர்வேயர், சந்தைக்கும் கோயிலுக்கும் தன்னந்தனியாகப் போய்த் தன்னந்தனியாகத் திரும்பினவர், மழையில் நனைந்துகொண்டு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரனைக்கூட ஏற்றிக்கொள்ளாத மகராசன், பக்கத்து சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை கிழியாமல் அப்படியே இருந்தது. "சிங்கிள் ஓனர் வண்டிங். இத்தனை வருசத்துல ஒரு சத்தம் வந்ததில்லீங்" என்று விற்றவன் சொன்னதில் எள்ளளவும் பொய் இல்லை. நாச்சிமுத்து ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டு வந்தபோதும் வண்டி மூச்சுக் காட்டவில்லை. ஊருக்குள் நுழைந்து பிள்ளையார் கோயில் மேட்டுக்கு வந்ததும் அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு, இறக்கத்தில் உருட்டிக்கொண்டே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார், ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்திலிருந்தே அவர் அப்படித்தான், அந்தத் தெருவில் பெட்ரோல் விலை தெரிந்த எல்லாரும் அப்படித்தான்.

மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்காய் உடைத்து, குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். முன்சீட்டில் ராமாத்தாள், அவள்தான் நாச்சிமுத்துவையும் சென்னியப்பனையும் பெற்றவள். பின்னால் நாச்சிமுத்துவின் பெண்டாட்டி சாந்தாமணி, சென்னியப்பன், ஓரத்தில் துளசிமணி, அவள் மடியில் ஐந்து வயதுக் குழந்தை கனி. சாவியைத் திருப்பினதுதான் தாமதம், முன்னால் எஞ்சினுக்குள்ளிருந்து கடகடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குகிற சத்தம், மேடேறும்போதும் அதே சத்தம், பள்ளத்தில் இறங்கும்போதும் அதே சத்தம், மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஏறாமல் இறங்காமல் ஒரே சீரான சத்தம், போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து இறங்குகிற வரைக்கும் கூடவே வந்த சத்தம்.

அந்த வட்டாரத்தில் எஞ்சின் சத்தம் என்றால் ஆறுச்சாமியை விட்டால் ஆள் கிடையாது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாரானால் வால்வா பேரிங்கா செயினா என்று சொல்லிவிடுவார், தப்பினதில்லை, தப்பினதில்லை என்று அவரே ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். அவர் பட்டறையில் வண்டியை நிறுத்தினால் சத்தம் இல்லை. குடும்பம் ஏறி உட்கார்ந்தால் சத்தம். டேப்பெட்டைப் பார்த்தார், எஞ்சின் மவுண்டிங்கைப் பார்த்தார், சைலன்சர் பட்டையைப் பார்த்தார், இறுக்க வேண்டியதை இறுக்கினார், மாற்ற வேண்டியதை மாற்றினார், மாற்ற வேண்டாததையும் மாற்றினார். சத்தம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஆறுச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. கழித்துப் பார்த்துவிடுவோம், ஒவ்வொன்றாக இறக்கி ஒவ்வொன்றாக ஏற்றினால் எது அடிக்கிறதோ அது தானாக மாட்டும் என்றார்.

அது தொழில் தெரிந்தவன் பேச்சுதான், குற்றம் சொல்ல முடியாது. ஸ்டெப்னியை இறக்கினார்கள், ஜாக்கியை இறக்கினார்கள், குடையையும் செருப்பையும் டேஷ்போர்டுப் பிள்ளையாரையும் இறக்கினார்கள், பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இறக்கினார்கள். பிறகு ஆட்களை இறக்கினார்கள். நாச்சிமுத்து ஸ்டியரிங்கில், ஆறுச்சாமி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு, பின்சீட்டில் ஒரு நேரத்துக்கு ஒரு ஆள். ராமாத்தாள் ஏறினாள், சத்தம் இல்லை. சாந்தாமணி ஏறினாள், இல்லை. சென்னியப்பன் ஏறினான், இல்லை. கனி ஏறினாள், சன்னல் வழியாக எல்லாருக்கும் கையை ஆட்டிக்கொண்டு பிரிவு ரோடு வரைக்கும் போய் வந்தாள், இல்லை. கடைசியில் துளசிமணி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள், சாத்தின கையைக் கதவை விட்டு எடுப்பதற்குள் கடகடவென்று பிடித்துக்கொண்டது.

"வண்டியில ஒண்ணும் இல்லீங். கோளாறு அம்மிணிகிட்ட இருக்குது" என்றார் ஆறுச்சாமி.

"அதான் பாத்தேன்" என்றார் நாச்சிமுத்து.

ஒரு பொம்பளை ஏறி உட்கார்ந்ததற்கா எஞ்சின் அடிக்கும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நாய்க்கு மழை வருவது தெரிகிறது, பல்லிக்கு நல்லது கெட்டது தெரிகிறது, காருக்கு இது தெரிந்திருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்பதுபோலத்தான் எல்லாரும் நின்றார்கள். உள்ளுக்குள் அவர்களுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நினைப்பு ரொம்ப நாளாக ஊறிக்கொண்டிருந்தது. கனி பிறந்தபோது துளசிமணிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்துவிட்டது. சென்னியப்பனுக்கு இனி ஒரு ஆண்பிள்ளை கிடையாது. சாந்தாமணிக்கோ உமாராணி என்று ஒரு தங்கச்சி, ஜாதகம் சரியில்லாமல் வீட்டோடு இருந்தாள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆனால் துளசிமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் கூடத்தில் பேச்சு சட்டென்று நின்று போகும், அவள் திரும்பினால் மறுபடி தொடங்கும்.

அவள் ஒன்று கேட்டாள், கேட்டது ஒன்றுதான். எஞ்சின் ஓடும்போது நான் மட்டும் தனியாக உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று மாமியாரிடம் சொல்லி நாச்சிமுத்துவிடம் கேட்கச் சொன்னாள். எஞ்சின் ஓடுகிற வண்டியை விட்டு டிரைவர் இறங்கக் கூடாது, சாவி பொம்பளை கைக்குப் போகவும் கூடாது என்று பதில் வந்தது. ஆறுச்சாமி தானே ஸ்டியரிங்கைப் பிடித்து அவளை ஒரு ரவுண்டு ஏற்றிப் போய்ப் பார்த்திருக்கலாம், அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அடுத்தவன் வீட்டுப் பெண்ணைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு ரோட்டில் போனால் ஊர் வாயை மூட எந்த உலைமூடி இருக்கிறது என்று விட்டுவிட்டார். அவ்வளவுதான் அந்தச் சோதனையின் லட்சணம்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. முதலில் வந்தவர்கள் டீக்கடைக் கூட்டாளிகள் இரண்டு பேர், கல்லாவில் கை வைப்பது யார் என்று ஒருத்தன்மேல் ஒருத்தனுக்குச் சந்தேகம், மச்சினன்மாரையும் கூட்டிக்கொண்டு ஏறினார்கள், அதில் இளைத்தவன் ஏறினபோது அடித்தது, மறுநாளே அவன் கடையை விட்டுப் போனான். பிறகு அரிசி மில் அண்ணன் தம்பிகள் வந்தார்கள். பிறகு கோயில் கமிட்டி வந்தது. பிறகு நிச்சயம் பண்ணின பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் நடுவில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கிற வழக்கம் வந்தது, சத்தம் வராவிட்டால் பிரிவு ரோட்டிலேயே பட்டாசு வெடித்தார்கள், வந்துவிட்டால் பெண்ணை அங்கேயே பஸ் ஏற்றிவிட்டார்கள். மூன்று மகன்களோடு ஏறின சின்னய்யன் என்கிற பெரியவருக்கு அடித்தது. அவர் ஒரு சண்டை போடவில்லை, காரு பொய் சொல்லுமா என்று சொல்லிக்கொண்டே தன் பாயைத் தானே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் குடிசையான காட்டுச் சாளைக்கு நடந்துவிட்டார். எல்லாத்துக்கும் ஸ்டியரிங்கில் நாச்சிமுத்து, பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு ஆறுச்சாமி. வெள்ளிக்கிழமை காருக்கு மாலை விழுந்தது.

சத்தம் வந்தவர்களை ஊர் அடித்துவிடவில்லை, வைதுவிடவும் இல்லை, அதெல்லாம் காட்டுமிராண்டிகள் செய்கிற வேலை. அவர்கள் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சில் கொஞ்சம் இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் கடைசி இலை போடுவார்கள். மூன்றே மாசத்தில் அவர்களும் இடம் தெரிந்து தாங்களாகவே ஒதுங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் தெருவில் காரு விளையாட்டு விளையாடின, நாலு பேர் ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் பிடித்துக்கொண்டு ஓட, நடுவில் யாராவது கடகட என்று வாயால் சொன்னால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைப் பிடித்து வெளியே தள்ளிவிட வேண்டும், தள்ளப்பட்ட பிள்ளை அழக் கூடாது என்பது விதி.

துளசிமணி அந்த வீட்டில் அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இருந்தாள். குடும்பம் காரில் போகும், அவள் பஸ்ஸில் போய்ச் சேருவாள். பிறகு பஸ்ஸில் வர வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொள் என்றார்கள். பிறகு சோற்றுப் பானையைத் தொட வேண்டாம் என்றார்கள். பேய்க்கு வாக்கப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் புருஷனை நிறுத்தி, "ஏனுங்க, நீங்களுமா அப்படி நெனைக்கறீங்க?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் நெனைக்கறதுக்கு என்ன இருக்குது? அதான் வண்டியே சொல்லுதே" என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, சத்தமில்லாத பிள்ளையைச் சத்தம் இருக்கிறவளோடு அனுப்பினால் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும், கனி இங்கேயே இருக்கட்டும் என்று நியாயம் சொன்னார்கள். துளசிமணி ஒரு பையோடு டவுன் பஸ் ஏறினபோது கனி சாந்தாமணி இடுப்பில் இருந்து அவளிடம் வரத் தாவித் தாவி அழுதாள், பஸ் திரும்புகிற வரைக்கும் அந்த அழுகை கேட்டது. பெற்ற வயிறு என்ன பாடுபட்டது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் சும்மா இருந்து சோறு தின்ன அவளுக்கு மனசில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்து வேனுக்கு டிரைவர் ஆனாள். ஊரார் பிள்ளைகளைக் காலையில் ஏற்றினாள், மாலையில் இறக்கினாள், மூக்கைச் சிந்திவிட்டாள், பையைத் தோளில் மாட்டிவிட்டாள், பெற்ற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பள்ளத் தெரு வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தாள். முதலில் கனி ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அப்புறம் நடந்து வந்தாள். அப்புறம் கூப்பிட்டால்தான் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "சத்தம் உனக்குள்ள எங்கம்மா இருக்குது?" என்று கேட்டு அவள் வயிற்றில் காதை ஒட்டவைத்து, ஆறுச்சாமி நிற்கிற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நின்றுவிட்டு, "கேக்குதும்மா" என்றாள். துளசிமணி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இதற்குள் உமாராணி சென்னியப்பனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு மருமகளாகி வந்துவிட்டாள். அவள் ஏறினால் வண்டி மூச்சுக் காட்டவில்லை. எல்லாரும் மனசு குளிர்ந்திருந்த நேரத்தில், ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ராமாத்தாளுக்கு அடித்தது. பெற்ற தாய், முழங்கால் வீங்கி, ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டு, எல்லார் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தவள். மருமகளுக்குச் சொன்ன நியாயத்தை மாமியாருக்கும் சொல்ல வேண்டுமே, அவளையும் சின்னய்யன் இருந்த பக்கம் இன்னொரு சாளையில் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கப்புறம் ஒருநாள் நாச்சிமுத்துவும் சாந்தாமணியும் மட்டும் கல்யாணத்துக்குப் போனார்கள், போன வேகத்தில் பாதி வழியில் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் முகமும் பேயறைந்திருந்தது, என்ன நடந்தது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. மறுநாள் எஞ்சின் போய்விட்டது, இனி ஆகாது என்று சொல்லி வண்டியை ஆறுச்சாமி பட்டறையில் தள்ளிவிட்டு வந்தார் நாச்சிமுத்து. கார் போனது, கார் சொன்னது போகவில்லை, ஒதுங்கினவர்கள் ஒதுங்கின இடத்திலேயே இருந்தார்கள்.

வேனுக்குப் பிரேக் பார்க்க வந்த துளசிமணி, பட்டறை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்ற அந்தக் காரைப் பார்த்தாள். மேலெல்லாம் வேப்பஞ்சருகு, பானெட்டின் மேல் ஒரு கோழி. சாவியைக் கொடுங்கள், ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். ஆறுச்சாமிக்குக் கொடுக்கவும் மனசில்லை, இல்லையென்று சொல்லவும் வாய் வரவில்லை, பேட்டரியை மாட்டிக் கொடுத்தார். கோழியை விரட்டிவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது, ஓடியது, வேறு ஒன்றும் இல்லை. பிரிவு ரோடு வரைக்கும் போனாள், இல்லை. சந்தை வரைக்கும் போனாள், இல்லை. வழியில் கீரைக்கட்டோடு நின்ற முன்பின் தெரியாத ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அவள் ஊரில் இறக்கிவிட்டாள், அவள் பேசிக்கொண்டே வந்த பேச்சைத் தவிர வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. திரும்பி வருகிற வழியில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி.

பட்டறைக்கு வந்ததும் ஆறுச்சாமியைக் கூப்பிட்டு, ஏறி உட்காருங்கண்ணா என்றாள். அவர் தயங்கித் தயங்கி ஏறினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதவைச் சாத்தினதும் கடகடவென்று பிடித்துக்கொண்டது.

அவளுக்கு அது எதிர்பார்க்காததாக இல்லை. "ஏனுங்ண்ணா, இப்ப என்னை என்ன நெனச்சீங்க? பொய் சொல்லாமச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

ஆறுச்சாமி ஸ்க்ரூடிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ இங்க வராமயே இருந்திருந்தாத் தேவலைனு நெனச்சேன் அம்மிணி. உன்னப் பாத்தா எனக்கு ஆகமாட்டேங்குது" என்றார்.

"அன்னிக்கும் யாரோ அப்படித்தாண்ணா நெனச்சாங்க. நீங்க எல்லாரையும் கழிச்சீங்க. டிரைவர் சீட்டைக் கழிக்கல."

"ஓட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமல்ல அம்மிணி. டிரைவரை எப்படிக் கழிக்கறது?" என்று அவர் முணுமுணுத்தார். அத்தனை சொல்லியும், ஊரைக் கூட்டி இதைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது மாட்டேன் என்றுவிட்டார். எத்தனை வீட்டை நான் பிரித்திருக்கிறேன், இப்போது போய்ச் சத்தம் ஏறினவன்மேல் இல்லை, அவனை வேண்டாமென்று நினைத்தவன்மேல் இருந்தது என்று சொன்னால் என் பட்டறையைக் கொளுத்திவிடுவார்கள் என்றார். சண்டை போடுகிற வீடெல்லாம் சத்தம் போட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒருத்தர் இல்லாமலே போனால் தேவலை என்று இன்னொருத்தர் நினைத்த வண்டிதான் அடித்திருக்கிறது. வண்டியை மட்டும் கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்பினாள். காரை நானே ஓட்டிக்கொண்டு பள்ளத் தெருவுக்கு வருகிறேன், எல்லாரும் நின்று காதால் கேளுங்கள், சத்தம் வராவிட்டால் என் பிள்ளையைக் கூட்டிப் போகிறேன், வந்தால் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். பெரியவர்களுக்கு இது நியாயமாகப் பட்டது. நாச்சிமுத்துவும் சரி என்றார், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த உமாராணிக்கு அடுத்தவள் பிள்ளை கண்முன்னால் திரிவது பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம்.

பள்ளத் தெரு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள், சாளையிலிருந்து சின்னய்யன்கூட வந்து ஓரமாக நின்றார். பிள்ளையார் கோயில் மேட்டில் வெள்ளைக் கார் தெரிந்தது, இறக்கத்தில் மெல்ல வந்தது, டயருக்கடியில் சின்னக் கல் நொறுங்குகிற சத்தத்தில் எஞ்சின் ஓடுவதுகூட அமுங்கிப் போனது, வேறு ஒரு சத்தமும் இல்லை. வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, துளசிமணி இறங்கினாள். அப்படி நிமிர்ந்து அவள் அந்தத் தெருவில் என்றைக்கும் நின்றதில்லை. பெரியவர் ஒருத்தர் பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னார்.

கனிக்கு ஏழு வயது முடிந்திருந்தது, இரட்டைச் சடை போட்டு, துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். வரும்போது சாந்தாமணியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். துளசிமணி அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, சுற்றி வந்து ஏறி, சிரித்துக்கொண்டே சாவியைத் திருப்பினாள்.

கடகடவென்று பிடித்துக்கொண்டது.

நாச்சிமுத்து தலையைச் சாய்த்துக் கேட்டார், இத்தனை நாள் ஊருக்குத் தீர்ப்புச் சொன்ன காது. "வர்றப்பச் சத்தம் இல்ல. புள்ள ஏறுனதும் அடிக்குது" என்றார்.

எல்லார் கண்ணும் காருக்குள் இருந்த பிள்ளைமேல் திரும்பியது. அந்தப் பார்வையைத் துளசிமணிக்குத் தெரியும், இரண்டு வருசம் அதைத் தின்று செரித்தவள். கூட்டத்தில் நின்ற ஒருத்தி தன் மகனைத் தோளைப் பிடித்து ஒரு அடி பின்னால் இழுத்துக்கொண்டாள், முந்தின நாள் வரைக்கும் கனியோடு விளையாடின பையன்.

கனி அம்மா பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்கிற குரலில், கோபமோ வெறுப்போ ஒன்றும் இல்லாமல், சாப்பாட்டில் முடி கிடக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "அம்மா, சத்தம் வருது. நீ எறங்கிக்கோ."

துளசிமணி பிள்ளை முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருசமாகக் கரண்டி கரண்டியாக ஊட்டின சோறு, பிள்ளை என்ன செய்யும். சத்தம் யாருடையது என்று அந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆறுச்சாமி வாயால் கேட்டதை இப்போது ஊருக்குச் சொன்னால் அவள் பேர் அந்த நிமிஷமே கழுவிப் போகும், ஆனால் சொன்ன மாத்திரத்தில் இந்தச் சத்தம் கனி தலையில் விழும். சொல்லாமல் விட்டாலும் ஊர்க் கணக்குப்படி அது கனி தலையில்தான் விழுகிறது. ஏழு வயசிலேயே பிள்ளைக்குக் கடைசி இலை. வேறொரு வழியும் அவளுக்குத் தெரியவில்லை.

எஞ்சினை ஓடவிட்டே கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கின காலைத் தரையில் வைத்ததும் சத்தம் நின்றது.

"நின்னுருச்சும்மா" என்றாள் கனி, முகம் மலர்ந்து.

துளசிமணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "பாத்தீங்கள்ல? எனக்குத்தானுங். புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங். வழியெல்லாம் அடிச்சுட்டேதான் வந்துது, மேட்டுல ஆஃப் பண்ணிப்போட்டு எறக்கத்துல உருட்டிட்டு வந்தேனுங். ஊர ஏமாத்தலாம்னு பாத்தேன்" என்றாள்.

அந்த இறக்கத்தில் உருட்டாத ஆள் யார்? கூட்டத்தில் ஒரு பெருமூச்சு வந்தது, நாலு பேர் தலையை ஆட்டினார்கள், பையனைப் பின்னால் இழுத்தவள் கையை விட்டாள், அவன் ஓடிப்போய்க் காரின் சன்னலைப் பிடித்துக்கொண்டு கனியைப் பார்த்துச் சிரித்தான்.

"அதான் பாத்தேன்" என்றார் நாச்சிமுத்து.

அவள் காரை எடுக்கவில்லை, எப்படி எடுப்பாள், தனியாக ஏறி மேட்டில் ஓட்டிப் போனால் அது சத்தம் போடாமல் போகுமே, பொய் தெரிந்துவிடுமே. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஓரமாக நின்ற சின்னய்யன் அவளுக்கு வழி விட்டு இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார். பிள்ளையார் கோயில் மேடு வரைக்கும் திரும்பிப் பார்க்காமல், காதை மட்டும் பின்னால் விட்டு நடந்தாள், அம்மா என்று ஒரு குரல் வந்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டும், வராதா என்று ஏங்கிக்கொண்டும். கீழே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை.